தூரிகையில் ஒட்டிய கரைமணல்

1882ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒல்லாந்து தேசத்தில் ஹேக் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்கெவனிங்கன் என்னும் மீனவர் கிராமத்துக் கடற்கரையில், 29 வயது நிரம்பிய ஓர் ஓவியர் வரைந்துகொண்டிருந்தார். காற்றுப் பலமாக வீசிற்று, கடல் கொந்தளித்தது, மணல் வாரி இறைத்தது. உலராத தைல வர்ணத்தின் மீது மணல் அப்பிக்கொள்ள, அவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் வரைந்தார். முழுவதையும் எடுத்துவிட முடியவில்லை. அன்று ஒட்டிய மணலில் சில பருக்கைகள் இன்றும் அச்சித்திரத்தின் வர்ணத்தினுள் புதைந்து கிடக்கின்றன. அந்த ஓவியர் வின்சென்ட் வான்கோ. கரை சேர்ந்த மீன்படகு ஒன்றையும், அதனை எதிர்கொண்டு நிற்கும் மக்களையும், அவர்களுக்கு அப்பால் குமுறும் கடலையும் காட்டும் அச்சித்திரம் 2002இல் அம்ஸ்டர்டாம் நகரின் அருங்காட்சியகத்திலிருந்து களவு போய், 2016இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே மீட்கப்பட்டது. களவுக்குத் தப்பி வந்த அந்தச் சிறிய சித்திரத்தில் அந்தக் கரையின் மணலும் தப்பி வந்திருக்கிறது.

கல்முனைக் கடற்கரையில் நின்று இதை எண்ணிப் பார்க்கும்போது என் மனத்தில் ஒரு வினா எழுகின்றது. நிலக்காட்சி ஓவியத்தில் தூரிகையின் தடம் வெளித்தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா? கண்ணாடி போல் மெழுகப்பட்ட ஒரு பரப்பை வான்கோ விரும்பியிருந்தால், அந்தச் சித்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மணலைத் துடைத்து, வர்ணத்தைத் தடவிச் சீராக்கியிருப்பார். அவர் அவ்வாறு செய்யவில்லை. இது தொழில் நுட்பம் பற்றி ஓவியர்கள் தமக்குள் நடத்தும் வழக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால், வரலாற்றைச் சற்றே புரட்டினால் அவ்வழக்கின் அடியில் வேறொரு வழக்கு இருப்பது தெரியவரும். நிலத்தைப் பார்ப்பவன் யார்? அதில் நிற்பவனா, அதைக் கடந்து போகிறவனா?

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். சித்திர ஆசிரியர் வராத நாள்களில் அவருடைய வகுப்பில் போய் உட்காருவது என் பொறுப்பு. "இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள்" என்றால் போதும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்துவிடுகிறார்கள். முக்கோணமாய் இரண்டு மலைகள், நடுவே பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானில் நான்கு பறவைகள். யன்னலுக்கு வெளியே கடல் இரைகின்றது. எங்கள் ஊரில் சூரியன் மலைகளின் நடுவே உதிப்பதில்லை, கடலிலிருந்து உதிக்கின்றது. மேற்கே சென்றால் கண்ணெட்டும் வரை வயல் வட்டைகள். கரையில் தோணிகள், கரைவலை இழுக்கும் மனிதர்கள், உப்புக்காற்றில் சாய்ந்த தென்னைகள். இவற்றில் எதுவும் அந்தத் தாள்களில் இல்லை. காணாத மலையைப் பிள்ளைகள் வரைகிறார்கள். கண்ட கடலை வரையவில்லை. இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

மெழுகிய பரப்பும் கடந்து செல்வோர் கண்ணும்

ஐரோப்பாவில் தைல வர்ணம் நூற்றாண்டுகள் பல பயிலப்பட்ட கலை. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வர்ணம் மெல்லவே உலரும். ஆதலால் ஒரு நிறத்தை மற்றொன்றுடன் கலந்து, தடவி, தூரிகையின் சுவடே தெரியாமல் ஒப்பனை செய்தல் கைகூடும். மெல்லிய படைகளை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பூசி உள்ளிருந்து ஒளி வீசச் செய்தலும் இயலும். அரசவையும் திருச்சபையும் பிரபுக்களும் ஆதரித்த ஓவியக் கழகங்கள் இந்த மெழுகிய பரப்பையே தேர்ச்சியின் சின்னமாகக் கொண்டன. உழைப்பின் தடம் தெரியாதிருத்தலே உயர்வு என்பது அவற்றின் கொள்கை. பிரான்சிய ஓவியக் கழகத்தின் சார்பில் 1667இல் வகுத்துரைக்கப்பட்ட வரிசையில் சரித்திர, புராண ஓவியங்கள் முதலிடம் பெற்றன. நிலக்காட்சி கீழ்ப்படியில் வைக்கப்பட்டது. நிலம், பெரிய மனிதர்களின் பெரிய செயல்களுக்குப் பின்திரையாகவே மதிக்கப்பட்டது.

இக்கண்ணோட்டமே கப்பலேறிக் கீழைத் தேசங்களுக்கு வந்தது. சாமுவேல் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, இங்குள்ள காட்சிகளையும் விலங்குகளையும் மக்களையும் வரைந்து 1808இல் ஒரு சித்திரத் தொகுதியாக வெளியிட்டார். 1811இல் இத்தீவிலேயே மாண்டார். 1846இல் வந்த அயர்லாந்துக்காரர் அன்ட்ரூ நிக்கல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பித்தார். மாத்தளைப் பகுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்த 1848ஆம் ஆண்டில் உள்நாட்டுக் காடுகளினூடே பயணஞ் செய்து பழைய நகரங்களின் இடிபாடுகளை வரைந்தார். இவர்களின் கைத்திறன் குறைவானதன்று. அவர்கள் தீட்டிய மரங்களும் மேகங்களும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. எனினும் அவை பயணியின் காட்சிகள். முன்னே நிழல் படர்ந்த ஒரு பெருமரம், நடுவே நீர்நிலை, தொலைவில் நீல மலை என்பது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சட்டகம். வெவ்வேறு தேசங்கள் அச்சட்டகத்துள் ஒரே விதமாய் அமர்ந்தன. எங்கள் பிள்ளைகளின் இரட்டை மலை அச்சட்டகத்தின் கடைசிப் பேரப்பிள்ளை என்றே எனக்குத் தோன்றுகின்றது. கலண்டர்களும் பாடப் புத்தகங்களும் அதனை வகுப்பறை வரை கொண்டுவந்து சேர்த்தன.

இரசாயனக் கூடமும் நெசவாலையும்

பழைய பரப்பு உடைந்ததற்குக் கலைஞர்களின் மனப்புரட்சி மட்டும் காரணமன்று. கருவிகள் மாறின; பொருள்கள் மாறின. உயர்ந்த நீல நிறம் முன்னாளில் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் அகழ்ந்த இராசவர்த்தக் கல்லைப் பொடித்துப் பெறப்பட்டது. பொன்னோடு ஒப்ப விலை பெற்றது. கோபால்ட் நீலம் 1802இல் பிரான்சில் இரசாயன முறையால் ஆக்கப்பட்டது. விலையுயர்ந்த அந்தக் கல் நீலத்தையே செயற்கையாய்ச் செய்வோருக்கு 6,000 பிராங்கு பரிசு என்று 1824இல் அறிவிக்கப்பட, 1828இல் அப்பரிசை கிமே என்னும் இரசாயனியர் பெற்றார். கட்மியம் மஞ்சளும் புதிய பச்சைகளும் பின்தொடர்ந்தன. செல்வனின் நிறமாக இருந்த நீலம் ஏழை ஓவியனின் வர்ணத்தட்டுக்கும் இறங்கி வந்தது.

1841இல் ஜோன் கொஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரத்தாலான பிதுக்குக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அரைத்த வர்ணத்தைப் பன்றியின் சவ்வுப்பையில் கட்டி வைத்தார்கள். அது உடையும், உலரும், தூரப் பயணத்துக்கு உதவாது. குழாய் வந்த பின்னர் ஓவியன் தைல வர்ணங்களுடன் வயலுக்கும் கரைக்கும் எளிதிற் போகலாயினான். வெளியில் வெயில் நகர்கின்றது, மேகம் கலைகின்றது, அலை நிற்பதில்லை. தடவிச் சீராக்க அங்கே நேரமில்லை. விரைந்து வைத்த தூரிகைத் தடம் அப்படியே நின்றது. தொடக்கத்தில் அவசரத்தின் அடையாளமாக இருந்தது, காலப்போக்கில் உணர்ச்சியின் மொழியாயிற்று.

இன்னொரு செய்தி மருதமுனை நெசவாளருக்கு இனிக்கும். பாரிஸ் நகரின் கோபலின் நெசவாலையில் 1824 முதல் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர். கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகின்றது என்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. ஆராய்ந்த அவர், குற்றம் சாயத்தில் இல்லை, அருகே அமைந்த நூலின் நிறத்தில் இருக்கின்றது என்று கண்டார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றும். சிவப்பும் பச்சையும், நீலமும் செம்மஞ்சளும் அயலில் நிற்கும்போது ஒன்றையொன்று தூண்டி எரியும். 1839இல் அவர் வெளியிட்ட இந்நியதியை ஓவியர்கள் பற்றிக்கொண்டனர். வர்ணத்தட்டிற் கலந்து மங்கச் செய்வதற்குப் பதிலாக, நிறங்களைத் தனித்தனித் தடங்களாக அருகருகே வைத்தனர். நவீன ஓவியத்தின் நிறக்கொள்கை இவ்வாறு தறியின் அருகே பிறந்தது. பாவோடு ஊடை சேரும்போது எந்த நூல் எந்த நூலை எடுத்துக் காட்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த நெசவாளரின் அறிவை ஓர் அறிஞர் நூலாக்கித் தந்தார் எனலாம். நிறம் பற்றிய அறிவு மேட்டுக்குடியின் தனியுடைமை என்று எண்ணுவோர் மருதமுனைத் தறிக்கூடம் ஒன்றினுள் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும்.

கடலைச் சிவப்பாக்கியவர்

இம்மாற்றங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நிறத்தின் வல்லமையை உணர்த்தியவர் இங்கிலாந்தின் டர்னர். 1840இல் அவர் இலண்டன் அரச கழகத்தில் காட்சிக்கு வைத்த "அடிமைக் கப்பல்" என்னும் சித்திரத்தில் அந்திவானம் குருதியாய் எரிகின்றது. கடலும் அந்நிறத்தை ஏற்றுக் கொதிக்கின்றது. தூரிகையும் கத்தியும் கலந்து உழுத தடங்களினூடே உற்று நோக்கினால், முன்புறத்து அலைகளில் விலங்கு பூட்டிய கைகால்கள் அமிழ்வது தெரியும். 1781இல் "சொங்" என்னும் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் கடலில் எறியப்பட்டனர். சரக்கு நட்டமாயிற்று என்று காட்டிக் காப்புறுதிப் பணம் கோருவதற்காகச் செய்யப்பட்ட கொலை அது. அக்கொடுமையின் நினைவு இந்தச் சித்திரத்தில் உறைந்திருக்கின்றது. அந்தக் கடலை நீலமாய், மெழுகிய பரப்பாய் வரைந்திருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஆயினும் எச்சரிக்கை ஒன்றும் இங்கே உண்டு. அச்சித்திரத்தைச் சொந்தமாக வைத்திருந்த விமர்சகர் ரஸ்கின், அதன் கடலையும் நிறத்தையும் பக்கம் நிறையப் புகழ்ந்தெழுதினார். அது அடிமைக் கப்பல் என்பதை அடிக்குறிப்பில் சொல்லி முடித்தார். நிறத்தை இரசித்துக்கொண்டே மனிதனை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடவும் கூடும். உணர்ச்சி ததும்பும் தூரிகை என்று வாயாரப் புகழ்வோர், எவருடைய உணர்ச்சி, எதன் பொருட்டு என்று கேட்க மறந்தால் அது வெறும் அலங்காரமாய் முடியும்.

இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்தவர் வான்கோ. உழவரையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் வரைந்த மில்லேயை அவர் குருவாகக் கொண்டார். மில்லேயின் "கதிர் பொறுக்குவோர்" 1857இல் காட்சிக்கு வந்தபோது, அந்த ஏழைப் பெண்களின் குனிந்த முதுகுகளிற் கலகத்தின் சாயலைக் கண்டு அஞ்சிய விமர்சகர்கள் இருந்தனர். வான்கோ 1885இல் "உருளைக்கிழங்கு உண்போர்" என்னும் சித்திரத்தை வரைந்தபோது, தோல் உரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறத்தையே அம்மனிதர்களுக்குக் கொடுக்க முயன்றார். தோண்டிய கைகளே உண்ணும் கைகள் என்பது அவர் கருத்து. 1888இல் தென்பிரான்சு சென்று மத்தியதரைக் கடலைக் கண்டபோது, அதன் நிறம் கும்பளா இன மீனின் மேனி போல் கணந்தோறும் மாறுகின்றது, பச்சையோ ஊதாவோ நீலமோ என்று சொல்ல முடியவில்லை என்று தம்பிக்கு எழுதினார். மீன் வாடியில் நிற்பவனுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய தூரிகை எவ்வாறு இயங்கிற்று என்பதையும் பார்ப்போம். 1890 ஜூலையில், தம் வாழ்வின் இறுதி வாரங்களில், அவர் வரைந்த காகங்கள் பறக்கும் கோதுமை வயலில் நான்கு வகைத் தடங்கள் தெரிகின்றன. கதிர்கள் மேல்நோக்கிக் கீறப்பட்டுக் காற்றில் சாய்கின்றன. பாதைகள் நீண்ட இழுப்புகளாய் உள்ளே போய் முடிவு தெரியாமல் மறைகின்றன. வானத்தில் கறுத்த நீலம் கனத்த அடிகளாய்ச் சுழல்கின்றது. காகங்கள் ஒரே வீச்சில் வைத்த கறுப்புக் கோடுகள். தடத்தின் திசை பொருளின் அசைவைச் சொல்கின்றது. தடிப்பு பாரத்தைச் சொல்கின்றது. வேகம் மனநிலையைச் சொல்கின்றது. மஞ்சளுக்கு அருகே வைத்த நீலம் இரண்டையும் கூர்மையாக்குகின்றது. பார்ப்பவனின் கை தன்னையறியாமல் அந்த அசைவுகளைப் பின்பற்றுகின்றது. உழவனின் கைத்தடம் மண்ணில் இருப்பது போல் ஓவியனின் கைத்தடம் கித்தான் சீலையில் இருக்கின்றது.

கொழும்பில் மூண்ட வழக்கு

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1887இல் நிறுவப்பட்ட இலங்கைக் கலைச் சங்கம் மேலைநாட்டு ஓவியக் கழகங்களின் வழியையே பின்பற்றிற்று. முதலியார் அமரசேகர போன்றோர் அம்மரபில் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய பயிற்சியையும் உழைப்பையும் குறைத்துரைப்பது நன்றியீனம். எனினும் அரசாங்கமும் கனவான்களும் விரும்பிய கண்ணுக்கினிய காட்சியே அம்மரபின் எல்லையாக நின்றது. 1920இல் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர் என்னும் ஆங்கிலேயர் அவ்வெல்லையைத் தளர்த்தினார். ஐரோப்பாவின் புதிய ஓவியத்தை இளைஞர்களுக்கு அறிமுகஞ் செய்தார். அதே வேளை இந்நாட்டின் பழைய சுவரோவியங்களையும் பார்க்கும்படி தூண்டினார். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற ஜெப்ரி பெலிங், செஸான் காட்டிய தடத்தில் நிலத்தை நிறத் தளங்களாகக் கட்டி எழுப்பியவர். வெளிநாட்டு நகல்களைப் பிள்ளைகள் பார்த்தெழுதும் முறையை மாற்ற முயன்ற கல்விமானும் அவரே.

1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி கொழும்பில் லயனல் வெண்ட் என்பாரின் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். '43ஆம் ஆண்டுக் குழு' என்று வரலாற்றில் பெயர் பெற்ற சங்கம் அன்று பிறந்தது. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், றிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி தேரர் முதலானோருடன் யாழ்ப்பாணத்தின் எஸ். ஆர். கனகசபையும் அதில் ஒருவர் என்பதைத் தமிழர் பலர் மறந்துவிட்டனர். வின்சரின் பெயரால் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றை நடத்தி, வடபகுதிப் பாடசாலைகளிற் சித்திரக் கல்விக்கு வித்திட்டவர் அவர். குழுவின் சித்திரங்கள் 1952இல் இலண்டனிலும் 1953இல் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1956இல் வெனிஸ் நகரச் சர்வதேசக் கண்காட்சியில் தெரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

தெரணியகல நிலக்காட்சியைக் காட்டிலும் மனித உருவங்களையே மிகுதியும் வரைந்தவர். ஆயினும் இந்நாட்டில் தைல வர்ணத்தின் தடிப்பையும் தூரிகையின் வேகத்தையும் முழுவதும் விடுதலை செய்தவர் அவரே என்பேன். நிலக்காட்சியில், சிறப்பாகக் கடற்கரைக் காட்சியில், நம்மை நிறுத்தி வைப்பவர் ஐவன் பீரிஸ். 1921இல் தெகிவளையில் பிறந்த அவர், கடலோரம் வளர்ந்தார். 1953இல் இங்கிலாந்து சென்று சவுத்தெண்ட் என்னும் கடலோர ஊரில் வாழ்ந்து 1988இல் மறைந்தார். ஆங்கிலக் கடலின் அருகே ஆண்டுகள் பல இருந்தும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது தம் இளமைக் காலத்துக் கரையையே. மரங்களும் மணலும் நீரும் தனித்து நிற்கும் மனிதரும் அமைதி கனத்த நிறங்களில் அங்கே தோன்றுகின்றனர். தூரிகையின் ஆரவாரம் அவரிடம் இல்லை, நிறமே பேசுகின்றது. விட்டு வந்த கரையைப் பற்றிய ஏக்கம் நிறமாக மாறும் விதத்தை அவரிடம் கற்கலாம். 1974இல் ஹரி பீரிஸ் தம் கொழும்பு இல்லத்தில் நிறுவிய சபுமல் மன்றத்தில் இக்குழுவினரின் சித்திரங்கள் பேணப்பட்டு வருகின்றன.

இதே காலத்தில் சென்னையிலும் இவ்வழக்கு நடந்தது. அரசினர் கலைப் பள்ளியிற் பயின்று அங்கேயே ஆசிரியராகிப் பின்னர் தலைவருமான கே. சி. எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வர்ணத்தில் வரைந்து புகழ் பெற்றிருந்த அவர், ஐம்பதுகளில் ஐரோப்பா சென்று வந்தபின் அந்த இனிய காட்சிகளை விட்டு விலகி வேறு மொழியைத் தேடினார். கண்ணுக்கு இனிமை மட்டும் போதாது என்ற உணர்வு பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் ஒரே தலைமுறையில் எழுந்திருக்கின்றது.

நம்மவரின் பெருமையைப் பாடும்போதே குறையையும் சொல்லிவிடல் வேண்டும். கொழும்புக் குழுவினருட் பலர் வசதி படைத்த, ஆங்கிலம் பேசும் குடும்பங்களிற் பிறந்தவர்கள். தூரிகையை அவர்கள் விடுவித்தனர். ஆனால் அவர்களின் கித்தான் சீலை கொழும்பின் மாளிகைச் சுவர்களைத் தாண்டிக் கல்முனைக்கோ மூதூருக்கோ மன்னாருக்கோ எளிதில் வரவில்லை. தெகிவளைக் கரைக்கு ஓர் ஐவன் பீரிஸ் கிடைத்தார். மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் எங்கள் கரை, அவ்வாறு தன்னை உலகறியச் செய்யும் ஓவியருக்காகக் காத்திருக்கின்றது.

எங்கள் கரையின் நிறம்

இவ்விடத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் தயக்கம் ஒன்றைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. உருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றிற்குள் நான் புகவில்லை. ஆனால், நிலக்காட்சி அந்த வழக்குக்கு வெளியே நிற்பது. ஹலீபா வலீத் காலத்தில், 706க்கும் 715க்கும் இடையில், டமஸ்கஸ் நகரில் எழுந்த உமையாப் பள்ளிவாசலின் சுவர்களில் வண்ணக் கற்துண்டுகளால் ஆறும் மரங்களும் மாளிகைகளும் பொற்பின்னணியில் அமைக்கப்பட்டன. அங்கே மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. ஆற்றங்கரை மரங்களின் இலைகள் சிறுசிறு நிறத்துண்டுகள் அருகருகே வைக்கப்பட்டு ஒளிர்கின்றன. செவ்ரோலுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னே ஒரு பள்ளிவாசற் சுவர் அந்தப் பாடத்தை எழுதி வைத்திருக்கின்றது.

தைல வர்ணத்துக்குரிய விறைப்பான தூரிகை பன்றிமயிரால் ஆனது என்பதும் எங்கள் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கி வைத்த காரணங்களுள் ஒன்று. இன்று நைலோன் தூரிகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. வர்ணத்தைத் தகட்டுக் கத்தியால் அப்பவும் இயலும். ஆகவே அந்தக் காரணமும் நீங்கிற்று.

தமிழ் படித்தவனாகிய எனக்கு இன்னொன்றும் தோன்றுகின்றது. நிலமும் உணர்வும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று வகுத்து வைத்தார். நெய்தல் நிலம் வெறும் மணலும் நீருமன்று; இரங்கலுக்கு உரிய நிலம். கிழக்கே நெய்தல், மேற்கே மருதம், இரண்டுக்கும் நடுவே ஒரு பிரதான வீதி என்று அமைந்த ஊர் கல்முனை. உணர்ச்சி ஏற்ற நிலக்காட்சி மேலைநாட்டாரிடம் நாம் கடன் வாங்க வேண்டிய சரக்கன்று. ஆயினும் அப்பழைய இலக்கணத்தில் உழுவோரும் பரதவரும் பறவையோடும் பூவோடும் சேர்ந்து கருப்பொருளாகவே எண்ணப்பட்டனர். உரிப்பொருள் தலைவன் தலைவியருடையதாயிற்று. இனி வரும் நெய்தற் சித்திரத்தில் கரைவலையின் கயிறு உரசிய உள்ளங்கையும், வட்டையில் நாற்றுக்குக் குனிந்த முதுகும் உரிப்பொருளாக வேண்டும். உருவம் வரையாமலே இதைச் செய்யவும் கூடும். இழுத்து முடிந்த வலையின் கனத்தை ஒரு தூரிகைத் தடத்தின் கனம் சொல்லிவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் மேல் ஏறி வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உட்பகுதிப் பாடசாலை ஒன்றில் நாங்கள் தங்கியிருந்த நாள்களில், உதவிக்கு வந்த சிலர் சிறுவர்களுக்குத் தாளும் மெழுகு வர்ணக் குச்சிகளும் கொடுத்தனர். என்னிலும் இளைய ஒரு பையன் கடலை வரைந்தான். கறுப்புக் குச்சியை எடுத்து, அழுத்தி அழுத்தி, கீழிருந்து மேலாகத் தேய்த்தான். குச்சி முறிந்தது. முறிந்த துண்டால் தொடர்ந்தான். தாள் கிழிந்தது. வந்தவர்களுள் ஒருவர் அன்போடு குனிந்து, "கடல் நீலமல்லவா தம்பி, நீலம் பூசுங்களேன்" என்று நீலக் குச்சியை நீட்டினார். அவன் வாங்கவில்லை. "அண்டைக்கு அது நீலமா இருக்கல்ல, சேர்" என்றான்.

டர்னரையும் வான்கோவையும் நான் அறிந்தது பிற்பாடு பல்கலைக்கழக நூலகத்தில். அவர்களைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம் அந்தப் பையனின் கிழிந்த தாளே என் கண்முன் நின்றது. நிறத்தை உணர்ச்சிக்கேற்ப மாற்றுதல் யதார்த்தத்துக்கு விரோதம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த மனிதர் நீட்டிய நீலம் படப் புத்தகத்தின் கடல். பையனின் கறுப்பு, அவன் கண்ட கடல். இவ்விரண்டில் யதார்த்தம் எது என்பதை வாசகர்களே தீர்ப்புச் செய்வார்களாக. அவனுடைய தாளை எவரும் பத்திரப்படுத்தவில்லை. குப்பையோடு போயிற்று. அதை எடுத்து வைக்க வேண்டுமென்ற எண்ணம் அன்று எனக்கும் வரவில்லை.

ஆகவே நாம் செய்யத் தக்கது என்ன? எங்களுக்கு அண்மையிலேயே, காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் பெயரால் மட்டக்களப்பில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. அங்கே செல்லும் எங்கள் பிள்ளைகளின் தொகை பெருக வேண்டும். ஆனால் அதற்கு முன், பாடசாலையில் இரட்டை மலையை நாம் கைவிடுதல் வேண்டும். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்வோம். ஈரமணலைப் படுக்கைக் கோடுகளாலும், நுரையைக் குத்தித் தொட்ட புள்ளிகளாலும், தென்னங்கீற்றைச் சுண்டிய வீச்சுகளாலும் எழுதிப் பார்க்கச் சொல்வோம். நண்பகல் வெயிலில் மஞ்சளாய் எரியும் மணலின் மேல் தோணியின் நிழல் கறுப்பன்று, அது ஊதாவும் நீலமும் கலந்தது என்பதை அவர்கள் கண்ணாலேயே காணட்டும். தைல வர்ணம் விலை மிகுந்தது என்றால் போஸ்டர் வர்ணம் போதும். தோணிக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற் கூடப் போதும். கற்க வேண்டியது முதலில் கையின் துணிவும் கண்ணின் நேர்மையும்.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் ஏழெட்டு மாணவரைக் கூட்டிக்கொண்டு அவ்வாறு போனேன். அரைமணி நேரத்துக்குள் காற்றெழுந்து எல்லாத் தாள்களிலும் மணலை வாரிக் கொட்டிற்று. ஒரு மாணவி கவலையோடு துடைக்கப் போனாள். "விடுங்க மகள், அது நம்மட கரைதானே" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, அந்த மணலின் மேலேயே அடுத்த தடத்தை வைத்தாள்.